யார் இந்த ரூத் ஜோன்ஸ்? தோழி ரோலில் இருந்து 1.23 கோடி பார்வையாளர்கள் வரை... வேல்ஸ் காமெடி நடிகை கடந்து வந்த பாதை!

2024 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவு. பிரிட்டனில் சுமார் 1.23 கோடி பேர் டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்த்தது ‘கேவின் அண்ட் ஸ்டேசி’ என்ற பிபிசி காமெடி தொடரின் கடைசி எபிசோடு. நெஸ்ஸா தன் காதலைச் சொல்லிவிட்டாள், ஸ்மிதி என்ன பதில் சொன்னான்? இந்த ஒரு கேள்விக்காக ரசிகர்கள் 5 வருஷம் காத்திருந்தார்கள்.

அந்த நெஸ்ஸாவாக நடித்தவர்தான் ரூத் ஜோன்ஸ். நடிப்பு மட்டுமல்ல, ஜேம்ஸ் கார்டனுடன் சேர்ந்து கதையை எழுதியவரும் அவரே.

தொடக்கம் எங்கே?

1966-ல் தெற்கு வேல்ஸில் உள்ள பிரிட்ஜெண்டில் பிறந்தவர் ரூத். வளர்ந்தது போர்த்கால் என்ற கடற்கரை ஊரில். பின்னாளில் பிரபல காமெடியனான ராப் பிரைடனும் இவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். வாரிக் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை படித்த ரூத், அதன்பிறகு கார்டிஃபில் உள்ள ராயல் வெல்ஷ் கல்லூரியிலும் பயிற்சி எடுத்தார்.

படிப்பு முடிந்ததும் வாய்ப்புகள் வரிசை கட்டி வரவில்லை. சின்னச் சின்ன மேடைகள், சின்ன ரோல்கள் என்றுதான் ஆரம்ப வருடங்கள் போயின. 1999-ல் வந்த ‘ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்’ படத்திலும் அவருக்குக் கிடைத்தது துணை வேடம்தான்.

ஸ்கெட்ச் காமெடியில் என்ன செய்தார்?

ஸ்கெட்ச் காமெடி என்றால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத, சில நிமிடமே ஓடும் குட்டிக் காட்சிகள். நடிகர் யார், எப்படிப்பட்டவர் என்பதை வந்த அடுத்த நொடியே பார்ப்பவருக்குப் புரிய வைத்தாக வேண்டும்.

2003-ல் டிவிக்கு வந்த ‘லிட்டில் பிரிட்டன்’ தொடரில் மிவான்வி என்ற பார் பணிப்பெண்ணாக ரூத் வந்தார். ஊரிலேயே தான் ஒருவன் மட்டும்தான் தன்பாலின ஈர்ப்பாளன் என்று அடம்பிடிக்கும் இளைஞன் டாஃபித். அவனுக்கு அலட்டிக்கொள்ளாமல் உண்மையைப் போட்டு உடைப்பவள் மிவான்வி. எதிரே மேட் லூகாஸ் ஆர்ப்பாட்டம் செய்ய, ரூத் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பதில் சொல்வார். சிரிப்பு அங்கேதான் வரும். ஆனால் இதே தொடர், வெள்ளையின நடிகர்கள் முகத்தில் நிறம் பூசி நடித்த காட்சிகளுக்காக 2020-ல் பிபிசியின் ஐபிளேயரில் இருந்து நீக்கப்பட்டது.

‘நைட்டி நைட்’, ‘சாக்ஸன்டேல்’ தொடர்களிலும் கலக்கினார். ஆனாலும் மையக் கதை எப்போதும் வேறு ஒருவருடையதாகவே இருந்தது.

திருப்புமுனை எது?

எடை குறைப்பு கிளப் ஒன்றைச் சுற்றி நடக்கும் ‘ஃபேட் ஃபிரண்ட்ஸ்’ தொடரில் நடித்தபோதுதான் ஜேம்ஸ் கார்டன் பழக்கமானார். வேல்ஸில் உள்ள பேரி என்ற ஊரில் தான் போய் வந்த ஒரு கல்யாணத்தைப் பற்றி கார்டன் சொல்ல, இருவரும் அதைக் கதையாக்கினார்கள். முதலில் யோசித்தது ஒரு கல்யாண நாளைப் பற்றிய தனி நாடகம். பிபிசி அதைத் தொடராக்கச் சொன்னது.

2007 மே மாதம் பிபிசி த்ரீ சேனலில் முதல் எபிசோடு வந்தபோது பார்த்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர். எசெக்ஸ் பையன், வேல்ஸ் பெண், இரண்டு குடும்பங்கள்... கதை இவ்வளவுதான். நாயகியின் தோழி நெஸ்ஸா வேடத்தை ரூத் தனக்காக எழுதிக்கொண்டார். கறுப்பு லெதர் ஜாக்கெட், டாட்டூ, யாருக்கும் பயப்படாத பேச்சு. இதுவும் ‘தோழி’ ரோல்தான். ஆனால் இந்தத் தோழிக்குக் காதல், குழந்தை, ஏமாற்றம் எல்லாமே உண்டு. குண்டான பெண் என்பதற்காக யாரும் அவளைப் பார்த்துச் சிரிப்பதில்லை, அவள் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள்.

அதன்பிறகு?

2009-ல் நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக நெஸ்ஸா வேடத்தில் ராப் பிரைடனுடன் பாடிய பாட்டு, பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. 2010 புத்தாண்டு நாளில் தொடர் முடிந்தது.

ரூத் சும்மா இருக்கவில்லை. கணவர் டேவிட் பீட்டுடன் தொடங்கிய டைடி புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் மூலம் ‘ஸ்டெல்லா’ தொடரை உருவாக்கி, தானே நாயகியாக நடித்தார். 2012 முதல் 2017 வரை 6 சீசன்கள். தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்கு ஊர் ஒன்றில் பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தாயின் கதை அது. 2014-ல் எம்.பி.இ. கௌரவம் கிடைத்தது. 2018-ல் ‘நெவர் கிரீனர்’ மூலம் நாவலாசிரியரும் ஆனார்.

2019 கிறிஸ்துமஸ் ஸ்பெஷலில் நெஸ்ஸா மண்டியிட்டு ஸ்மிதியிடம் கல்யாணம் பேச, பதில் வருவதற்குள் எபிசோடு முடிந்தது. பதில் கிடைத்தது 2024-ல். அந்த நடிப்புக்காக 2025 மே மாதம் சிறந்த காமெடி நடிகைக்கான பாஃப்டா விருதை வென்றார்.

ஏன் இது முக்கியம்?

வேல்ஸின் மக்கள்தொகை சுமார் 31 லட்சம்தான். பிரிட்டிஷ் டிவியில் வேல்ஸ் உச்சரிப்பு என்றாலே கிண்டல் என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. அதே உச்சரிப்பை மாற்றாமல், அதே ஊர் மக்களைக் கதையின் நடுவில் நிறுத்தினார் ரூத். இன்று தொடரில் வரும் தெருவைப் பார்க்கவே ரசிகர்கள் பேரிக்குப் போகிறார்கள்.

மிவான்வியும் நெஸ்ஸாவும் ஒரே மண்ணின் பெண்கள்தான். முதலாவது, அடுத்தவர் எழுதிக் கொடுத்த சில நிமிடம். இரண்டாவது, ரூத் தானே எழுதிய 17 வருடக் கதை.