விலகற் கோட்பாடு

முதுமை எய்தும் மனிதரும் அவரைச் சூழ்ந்த சமூகமும் ஒருவரையொருவர் சிறிது சிறிதாக விட்டு விலகுதல் இயற்கையின் நியதியே என்றும், அவ்விலகல் இரு சாராரின் சம்மதத்தோடு நிகழுமாயின் மனநிறைவுக்கு ஏதுவாகும் என்றும் கூறும் சமூகவியற் கொள்கை விலகற் கோட்பாடு எனப்படும். சிக்காகோ பல்கலைக்கழகத்தார் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரில் நடுவயதினரையும் முதியோரையும் கொண்டு நிகழ்த்திய ஆராய்ச்சியை ஆதாரமாக வைத்து, எலைன் கம்மிங், வில்லியம் ஹென்றி என்னும் இருவர் 1961-இல் வெளியிட்ட நூலில் இதனை வகுத்துரைத்தனர்.

மரணம் நிச்சயமெனினும் அது வரும் நாள் எவருக்கும் தெரியாது. பொறுப்பான பதவியில் இருப்பவர் திடீரென மாண்டால் அவரை நம்பியிருந்த காரியங்கள் நிலைகுலையும். ஆகவே சமூகம் முன்கூட்டியே பதவிகளை வாங்கி இளையோரிடம் ஒப்படைக்கிறது என்றும், தமக்கு எஞ்சியுள்ள காலம் குறுகியது என்றுணரும் முதியவரும் தாமே உறவுகளைச் சுருக்கிக்கொண்டு உள்முகமாகத் திரும்புகிறார் என்றும் அவர்கள் வாதித்தனர். ஆடவர்க்குப் பணி ஓய்வும் மகளிர்க்குக் கைம்மையும் இவ்விலகலின் வாயில்களாம். சமூகத்தின் சமநிலையையே பெரிதாகக் கருதிய சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் இந்நூலுக்கு முன்னுரை வழங்கியதில் வியப்பில்லை.

வியப்புக்குரியது வேறொன்று. ராபர்ட் ஹேவிகர்ஸ்ட், பெர்னிஸ் நியூகார்ட்டன், ஷெல்டன் டோபின் ஆகிய மூவரும் அதே கான்சாஸ் சிட்டித் தரவுகளை ஆராய்ந்து, வயது ஏற ஏறச் செயல்கள் குறைவது மெய்யே ஆயினும், செயல்களில் ஈடுபட்டோரே பெரும்பாலும் அதிகத் திருப்தியுடன் இருந்தனர் என்று கண்டனர். எனினும் ஒதுங்கியிருந்தும் மனம் நிறைந்திருந்த சிலரும், ஓயாது இயங்கியும் அமைதியற்றிருந்த சிலரும் அவர்கள் கண்ணில் படாமலில்லை. இவ்வேற்றுமைக்கு அவரவர் ஆளுமையே காரணம் என்றனர். விலகலை ஆதரித்தோரும் செயலூக்கத்தை ஆதரித்தோரும் பல்லாண்டு நடத்திய வாதப் பிரதிவாதங்களைவிட இந்த ஒரு முடிவே கனமுடையது எனலாம். கம்மிங்கும் 1963-இல் தம் கொள்கையைத் திருத்தி, மனோபாவ வேறுபாட்டுக்கு இடமளித்தார்.

விலகாத முதியவரைக் காட்டினால் அவரை விதிவிலக்கென்று ஒதுக்கிவிடும் இக்கோட்பாட்டை எச்சான்றாலும் பொய்ப்பிக்க இயலாது என்று ஆர்லி ஹாக்ஷீல்டு 1975-இல் கண்டித்தார். அன்றியும், அமெரிக்காவின் 1935-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 65 வயதை ஓய்வூதிய எல்லையாக வைத்து, தொழிலகங்களும் அவ்வயதிலேயே ஊழியரை வெளியனுப்பி வந்த அத்தேசத்தில், அவர்களின் விலகலைச் சம்மதம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

பின்னர் ராபர்ட் ஆச்லி 1989-இல் விரித்துரைத்த தொடர்ச்சிக் கோட்பாடு, முதியோர் புதிதாக எதையும் தேடாமலும் முற்றும் துறக்காமலும் நடுவயதில் படிந்த பழக்கங்களையும் நட்புகளையுமே பற்றிக்கொண்டு மாறுதல்களைச் சமாளிக்கின்றனர் என்றது. நோயாலோ வறுமையாலோ பழைய வாழ்வைத் தொடர இயலாதோரை அவர் அதன் எல்லைக்குள் கொண்டுவரவில்லை.