சேலத்துச் சொற்போர்

மஞ்சளுக்கும் தானியத்துக்கும் பேர்போன சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 1943 மார்ச் 14 அன்று வேறொரு சரக்கு ஏலத்துக்கு வந்தது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டுமா, கூடாதா? தேவாங்கர் பாடசாலை மண்டபத்தில் ஒரு பக்கம் காஞ்சிபுரத்து சி.என். அண்ணாதுரை, வயது 33. எதிர்ப்பக்கம் நாவலர் ச. சோமசுந்தர பாரதியார், வயது 63, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவர். நடுவில் தலைவர் நாற்காலியில் சேலம் கல்லூரி முதல்வர் அ. இராமசாமிக் கவுண்டர்.

போர்க்காலம் அது. பெட்ரோல் தட்டுப்பாட்டால் பேருந்துகள் கரி வாயுவில் இருமிக்கொண்டு ஓடின. போதமலை அடிவாரத்து நாமகிரிப்பேட்டையில் விளையும் மஞ்சளுக்கு இன்று ஊரிலேயே கூட்டுறவுச் சங்க ஏலம் உண்டு. பழைய நாளில் அந்தப் பக்கத்துக்கெல்லாம் பெரிய சந்தை செவ்வாய்ப்பேட்டைதான். பல்கலைக்கழகமோ நாமகிரிப்பேட்டைப் பிள்ளைகளுக்குச் சிதம்பரத்திலும் சென்னையிலும் இருந்தது. அங்கே நடக்கிற வாதம், அதே பேராசிரியர்களோடும் அதே ஒழுங்கு முறைகளோடும், மாட்டுவண்டி எட்டுகிற தூரத்துக்கு வந்து சேர்ந்தது. சேலம் சமவெளியின் அரசியல் வரலாற்றில் இதற்கு உரிய இடத்தை இன்னும் யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை. மாநாடுகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

இந்தச் சொற்போரின் முதல் சுற்று நடந்தது ஒரு கல்லூரிக்குள்ளே. ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி 9 அன்று, சென்னை சட்டக் கல்லூரி மண்டபத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளை கம்பனுக்காகப் பேசினார், அண்ணாதுரை மறுத்தார். கொங்கு வரலாறு எழுதிய கோவைக்கிழார் சி.எம். இராமச்சந்திரன் செட்டியார் தலைமை வகித்தார். சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன் இதே பிப்ரவரி 9 அன்றுதான் ஆக்ஸ்போர்டு யூனியனில் மாணவர்கள் கூடி, மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் எந்த நிலையிலும் போரிட மாட்டோம் என்ற தீர்மானத்தை 275க்கு 153 என்ற வாக்கில் நிறைவேற்றி இங்கிலாந்தையே திடுக்கிட வைத்தார்கள். தேதி ஒத்துப்போனது தற்செயல். மாணவர் மண்டபத்தில் பேசியது தெருவுக்கு வந்து ஊரைக் கலக்கியது என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

அண்ணாதுரையின் வாதம் இலக்கியச் சுவையைப் பற்றியதாக இல்லை. கம்பனின் கவித்திறம் பெரிது. பெரிது என்பதாலேயே ஆபத்து. அந்த அழகில் மயங்கித் தமிழன் ஆரியத்தின் மேன்மையையும் தன் தாழ்வையும் ஒன்றாக விழுங்கிவிடுகிறான் என்பது அவர் கட்சி. அதாவது அது ஒரு சமூகக் கொள்கை விவாதம். ஏடு அதற்கு ஒரு சாக்கு. எதிரில் நின்ற பாரதியாரைப் பழமைவாதி என்று ஒதுக்கவும் வழியில்லை. ‘தசரதன் குறையும் கைகேயி நிறையும்’ என்ற நூலை எழுதி, இராமாயணத்தின் சக்கரவர்த்தியையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவர் அவர். வழக்கறிஞராக இருந்து பேராசிரியரானவருக்குக் குறுக்கு விசாரணை கைவந்த கலை. குறை சொல்வதற்கும் கொளுத்துவதற்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதுதான் செவ்வாய்ப்பேட்டையில் உண்மையான கேள்வி.

இன்னொன்றும் உண்டு. இந்த இருவரும் ஐந்தாண்டுக்கு முன் ஒரே அணியில் நின்றவர்கள். 1937இல் சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்க முனைந்தபோது பாரதியார் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1938இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் அது நடைமுறைக்கு வந்ததும் போராட்டம் மூண்டது; ஆயிரம் பேருக்கு மேல் சிறை போனார்கள், அண்ணாதுரைக்கு நான்கு மாதம். அன்று தோளோடு தோள் நின்றவர்கள் 1943இல் எதிரெதிர் மேடையில் ஏறியதில் யாருக்கும் மானக்கேடு தோன்றவில்லை. இன்றைய கட்சி அரசியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

இரண்டு சொற்போர்களும் ‘தீ பரவட்டும்’ என்ற தலைப்பில் நூலாயின. அந்தத் தலைப்பே யார் கட்சி அதை அச்சிட்டது என்று சொல்லிவிடும்.

இந்தி ஆணைக்கும் சேலம் மண்ணுக்கும் உள்ள உறவு கவனிக்கத்தக்கது. ராஜாஜி சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, அந்நகராட்சிக்குத் தலைவராக இருந்து மேலே போனவர். அவருடைய அமைச்சரவையில் சட்டத்துக்கும் கல்விக்கும் பொறுப்பாக இருந்தவர் ப. சுப்பராயன், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார், ஆக்ஸ்போர்டு வாதாம் கல்லூரியில் படித்தவர். பள்ளிகளுக்குள் இந்தி நுழைந்த அதே 1938இல், கல்வி அமைச்சரின் மகன் மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்ஜ் யூனியனின் தலைவராக உட்கார்ந்திருந்தார். இன்றைய நாமக்கல் மாவட்டத்து ஜமீன் வீட்டுப் பிள்ளை, உலகின் பழம்பெரும் மாணவர் விவாத மன்றம் ஒன்றில் யார் பேசலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று மணியடிக்கிற இடத்தில்!

அந்த மன்றத்தின் கதையும் கேட்க வேண்டியதுதான். 1815இல் தொடங்கிய இரண்டே ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு அரசியல் பேச்சு பிடிக்காமல் போயிற்று. 1817இல் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கலைந்து போகும்படி ஆணையோடு அதிகாரிகள் உள்ளே வந்தார்கள். அன்றைய தலைவர் வில்லியம் ஹியூவெல். வெளியார் தயவுசெய்து வெளியே இருக்கட்டும், அவர்கள் கொண்டுவந்த செய்தியை மன்றம் ஆலோசிக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். இருந்தும் மன்றம் மூடப்பட்டது. 1821இல் திறந்தபோது நடப்பு அரசியலைத் தொடக்கூடாது என்று நிபந்தனை. பல்கலைக்கழகம் என்றால் சுதந்திரச் சிந்தனை என்று நாம் எதை மேற்கோள் காட்டுகிறோமோ, அந்த இடமும் முதலில் கதவைச் சாத்தித்தான் பார்த்திருக்கிறது.

கேம்பிரிட்ஜில் நம்மவர்கள் எல்லோரும் வாய்ச்சொல் வீரர்களாக இருந்துவிடவில்லை. டிரினிட்டி கல்லூரியில் படித்த ஜவாஹர்லால் நேரு, தன் கல்லூரி விவாத மன்றத்தில் ஒரு பருவம் முழுக்கப் பேசாமல் இருப்பவர் அபராதம் கட்ட வேண்டும் என்ற விதிப்படி அடிக்கடி அபராதம் கட்டியதாகத் தானே எழுதியிருக்கிறார். மோகன் அப்படியல்ல. ஈட்டன் பள்ளி, கிங்ஸ் கல்லூரி, யூனியன் தலைமை என்று ஏறி, கம்யூனிஸ்டாக ஊர் திரும்பினார். 1941இல் சென்னைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தி, சி.எஸ். சுப்பிரமணியம் ஆகியோரோடு குற்றவாளிக் கூண்டில் நின்றார். சிறை, வழக்கறிஞர் தொழில், 1966இல் சென்னை மாநில அட்வகேட் ஜெனரல் பதவி, 1971இல் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் எஃகு, சுரங்கத்துறை என்று வாழ்க்கை திரும்பிற்று. சேலம் உருக்காலைக்கு அதற்கு முந்தைய ஆண்டுதான் அடிக்கல் நாட்டியிருந்தார்கள்.

அப்பா கல்வி அமைச்சராக இருந்து அமல்படுத்திய மொழிக்கொள்கை மகனை விடவில்லை. 1965இல் இந்தியாவின் மொழிச் சிக்கலைப் பற்றி மோகன் குமாரமங்கலம் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதி வெளியிட்டார்.

அந்த ஆண்டு தமிழ்நாட்டுக் கல்லூரி வளாகங்களில் விவாதம் என்ற எல்லையை இந்திப் பிரச்சினை எப்போதோ தாண்டியிருந்தது. ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் இந்தியை எதிர்த்து ஊர்வலம் போனபோது போலீஸ் சுட்டதில் ராஜேந்திரன் என்ற மாணவர் இறந்தார். அவர் ஒரு போலீஸ்காரரின் மகன்.

சிதம்பரத்து வளாகத்துக்கு அரசியல் புதிதல்ல. 1929இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அந்தப் பல்கலைக்கழகம் மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கிற இடம். விடுதியில் தங்கினால் இரவும் பேச்சுத்தான். 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்த வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி மிதவாதி. ஆங்கிலப் பேச்சில் அவருக்கு இணை இல்லை என்று அந்நாளில் பெயர். அவருடைய வளாகத்தில் படித்த தலைமுறையிலிருந்துதான் இரா. நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் வந்தார்கள் என்பது வரலாற்றின் குறும்பு. அன்று கல்லூரித் தமிழ் மன்றத்து மேடை இளைஞர்களுக்கு ஒத்திகைக் கொட்டகையாக இருந்தது: பேச்சைத் தொடங்குவது எப்படி, எதிரி எடுத்த மேற்கோளை அவனுக்கே திருப்புவது எப்படி, கைதட்டல் அடங்கும் வரை காத்திருப்பது எப்படி என்று எல்லாம் அங்கே பழகிக்கொண்டார்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரி விடுதியில் பிராமண மாணவருக்கும் மற்றவர்க்கும் தனித்தனித் தண்ணீர்ப் பானை இருந்ததை எதிர்த்துக் கிளம்பிய தவமணி இராசனும் கருணானந்தமும் 1943இல் திராவிட மாணவர் கழகத்தைத் தொடங்கினார்கள். ஒரு பானையைப் பற்றிய வாதம் ஒரு மாகாண அமைப்பாக வளர ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் கூடிய மாநாட்டில், அண்ணாதுரை தீர்மானத்தின்படி நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. செவ்வாய்ப்பேட்டைச் சொற்போர் முடிந்து பதினேழு மாதம்.

அந்த மண்டபத்தில் தலைமை வகித்த இராமசாமிக் கவுண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய சேலம் கல்லூரியில்தான் 1944 முதல் 1956 வரை தேவநேயப் பாவாணர் தமிழாசிரியராக இருந்து தன் சொல்லாராய்ச்சியின் பெரும்பகுதியைச் செய்தார். கொளுத்து என்பவரையும் கூடாது என்பவரையும் இரு கையிலும் வைத்து, ஊர் நடுவே ஒரு கூட்டத்தைக் கட்டுக்குள் நடத்திக்கொடுக்க ஒரு கல்லூரி முதல்வர் முன்வந்தார் என்பதை நினைத்தால், இன்று ஒரு தேர்தல் கால விவாதத்துக்கு அரங்கம் கேட்டால் எத்தனை முதல்வர்கள் அன்றே லீவு போட்டுவிடுவார்கள் என்ற எண்ணம் எழாமல் இல்லை.

1967 தேர்தலில், கல்லூரி மேடைகளில் பேசிப் பழகிய அந்தத் தலைமுறை ஆட்சிக்கு வந்தது. மொழிப் போராட்டத்து மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்கில் தோற்கடித்தார். முதலமைச்சரான அண்ணாதுரை அதே ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றினார். பேச்சால் வந்த ஆட்சி என்று எதிர்க்கட்சிக்காரர்கள் ஏளனமாகச் சொன்னது, ஒரு விதத்தில், நடந்ததை நடந்தபடி சொன்னதுதான்.

அதற்குப் பிறகு சொற்போரின் வடிவம் வேறு வீட்டில் குடியேறியது. காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகமும் குன்றக்குடி அடிகளாரும் வளர்த்த பட்டிமன்றம் ஊர் ஊராகப் பரவிற்று. இரண்டு அணி, நேரக் கணக்கு, கடைசியில் தீர்ப்பு. நடுவர் பெரும்பாலும் கல்லூரிப் பேராசிரியர். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் சாலமன் பாப்பையாவை அறியாத வீடு இல்லை. ஆனால் கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்று தொடங்கி, தொலைக்காட்சிக்கு வந்தபோது குடும்பத்தில் நிம்மதி கணவனாலா மனைவியாலா என்று முடிந்தது. கூடு அப்படியே இருந்தது. வரி, மொழி, இட ஒதுக்கீடு, விளைபொருள் விலை போன்ற தலைப்புகள் அதிலிருந்து மெல்லக் கழன்று போயின. திருவிழா மேடையில் நன்கொடை கொடுத்தவர் எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டியிருந்தால் இதுதான் நடக்கும்.

1997இல் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதே ஆண்டு சேலத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகமும் வந்தது, பெரியார் பெயரில். நாமகிரிப்பேட்டைப் பிள்ளைகள் பட்டம் வாங்கச் சிதம்பரம் போக வேண்டியதில்லை என்றாயிற்று. ஆனால் தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தலே நடப்பதில்லை. பெரியார் பெயரைச் சொல்லி வளாகத்தில் அரசியல் பேசினால் என்ன ஆகும் என்பதை 2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி. காட்டியது. மத்திய அரசின் கொள்கைகளை விமர்சித்துத் துண்டறிக்கை வெளியிட்டதாக ஒரு மொட்டைக் கடிதம் போக, டெல்லி அமைச்சகம் அதை நிறுவனத்துக்கு அனுப்ப, அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் ரத்தானது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்து ஜூன் முதல் வாரத்திலேயே திருப்பிக் கொடுத்தார்கள். கேம்பிரிட்ஜுக்கு அதே வேலைக்கு நான்கு வருடம் பிடித்தது. இடையில், அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிராத கல்லூரிகளிலும் அதே போன்ற வட்டங்கள் முளைத்துவிட்டன.

அரசின் தமிழ் வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் அண்ணா, பெரியார் பிறந்த நாட்களையொட்டிப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மாவட்டந்தோறும் பேச்சுப் போட்டி வைக்கிறது. நாமக்கல்லிலும் நடக்கிறது. முதல் பரிசு 5,000 ரூபாய். தலைப்புகள் அந்தத் தலைவர்களின் புகழையும் தொண்டையும் பற்றியவை. போட்டியாளர் ஒவ்வொருவராக வந்து பேசிவிட்டு இறங்குகிறார். எழுந்து மறுப்பதற்கு எதிர் அணி என்று ஒன்று அதில் கிடையாது.