பப்பாளியும் கருவுற்ற தாயும்

கருவுற்ற பெண் பப்பாளியைத் தொடலாகாது என்னும் விலக்கு, திருநின்றவூர் உள்ளிட்ட தமிழகத்து ஊர்களில் பரவலாக வழங்கி வருகிறது. இதன் மூலம் யாது?

10ஆம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அரீப் இப்னு ஸஅத், கருவுற்றோரைப் பேணும் முறை குறித்துத் தனிநூலே யாத்தார். ஆயின் அவரோ, பின்வந்த இப்னு ஸீனாவோ பப்பாளியை அறியார். அமெரிக்க மண்ணுக்குரிய அக்கனி, 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வழியாகவே கீழை நாடுகளை அடைந்தது. எனவே இவ்விலக்கைப் பண்டை யூனானி நூல்களின் மீது ஏற்றுதல் பொருந்தாது. இது பிற்கால மக்கள் வழக்கே.

எனினும் இது வெறுங்கற்பனையும் அன்று. 2002இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். காயின் பால் கருப்பையைச் சுருங்கச் செய்தது. நன்கு கனிந்த பழத்தின் சாறு அவ்வாறு செய்யவில்லை.

காயையும் கனியையும் ஒருசேர விலக்கினால் இழப்பு ஏழைத் தாய்க்கே. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்துக் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழச் சரிபாதியினர்க்கு இரத்தசோகை உண்டு. இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவும் வைட்டமின் சி அக்கனியில் மிகுதி.

காயை விலக்குவோம், கனியை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வோம். ஆகுமானதை வீணே விலக்காதிருப்பதும் பேணுதலே.