கையெழுத்துப் போட்டவர் யார்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி. மரக்காணம் உப்பளம் பக்கம் போகிறவர்கள் இன்று மாநில எல்லையைக் கவனிப்பதுகூட இல்லை. 1908-ல் கோட்டக்குப்பம் பிரிட்டிஷ் மண். அதற்குத் தெற்கே பிரெஞ்சுக்காரர் ஊர். 'இந்தியா' பத்திரிகையைக் காப்பாற்றியதும் முடக்கியதும் இந்த எல்லைதான்.

'இந்தியா' வார இதழ் 1906 மே மாதம் சென்னையில் தொடங்கியது. பணம் போட்டவர் மண்டயம் திருமலாச்சாரியார். எழுதியவர் பாரதி. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சி முழக்கம் அதன் குறிக்கோள். முகப்பில் வெள்ளைக்காரனைக் குத்தும் கேலிச்சித்திரம். அரசாங்கத்துக்கு எரிச்சல் வராமல் இருக்குமா?

1867-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டப்படி அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டியிருந்தது. நாளிதழ்களின் கடைசிப் பக்க அடியில் பொடி எழுத்தில் வருமே, 'அச்சிட்டு வெளியிடுபவர்' என்று? அதற்கு மூலம் இந்தச் சட்டம்தான். 2023-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 மார்ச்சில் அமலுக்கு வரும்வரை இதுவே நடைமுறையில் இருந்தது. வழக்கு என்று வந்தால் முதலில் தேடப்படுவது அந்தப் பத்திரத்தில் இருக்கும் பெயர். 'இந்தியா'வுக்கு அப்படிப் பதிவானவர் எம். சீனிவாசன். பாரதியின் பெயர் அதில் கிடையாது.

1908 ஆகஸ்டில் சீனிவாசன் கைதானார். ராஜத்துரோக வழக்கில் ஐந்தாண்டு தண்டனை. பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். பின்னாலேயே அச்சகமும் போனது. அக்டோபரில் 'இந்தியா' அங்கிருந்து மறுபடி வந்தது.

பிரெஞ்சு மண்ணில் இருந்த அச்சகத்தின்மேல் பிரிட்டிஷ் போலீஸ் கைவைக்க முடியாது. ஆனால் பத்திரிகையின் வாசகர்கள் பெரும்பாலும் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். பிரதிகள் இங்கே வராமல் பிரிட்டிஷ் அரசாங்கம் தடுத்தது. ஆள் சிக்காவிட்டால் என்ன, சந்தா நின்றால் போதாதா? 1910 மார்ச் 12 இதழோடு 'இந்தியா' நின்றது. பாரதி நடத்திய 'விஜயா' நாளிதழும் அதே ஆண்டு நின்றுபோனது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1920-ல், பாரதி 'சுதேசமித்திர'னில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அதை நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர் 1915-லேயே அதை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்துவிட்டிருந்தார்.

பாரதி விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேடையில் 'இந்தியா'வைப் பற்றிப் பேசும்போது, அதற்காகச் சிறை போன சீனிவாசன் பெயரையும் சொல்லுங்கள்.

(தொடரும்)