வீட்டு அறையில் பிறந்த இசையும் அதைக் கேட்ட காதுகளும்

வழக்கம்போல நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பாடு முடிந்த பிறகு படியுங்கள். இந்த முறை இசை பற்றி எழுதுகிறேன். அதுவும் வீட்டில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு செய்கிற இசை. இந்த வயதில் டீச்சருக்கு இது எதற்கு என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வரும்.

ஆரணியில் பிறந்த யாருக்கும் ஜக்கார்டு பெட்டி என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பெட்டி, அதிலிருந்து மாலைபோலத் தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகள். ஓட்டை இருக்கிற இடத்தில் இழை மேலே போகும், இல்லாத இடத்தில் போகாது. முந்தியில் மயில் வருவதும் யானை வருவதும் அந்த ஓட்டைகளின் கணக்கு. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் கொண்டுவந்த முறை இது. லியோனும் பட்டு ஊர்தான்.

இந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கும் அட்டை வைக்கத் திட்டமிட்டார். அந்த இயந்திரத்தைப் பற்றி 1843இல் குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ் அம்மையார், சுரங்களுக்கு இடையிலான உறவைச் சரியாக எழுதிக் கொடுத்தால் இது ஒருநாள் இசையும் அமைக்கலாம் என்று ஒரு யோசனையைப் போட்டு வைத்தார். இயந்திரம் கடைசிவரை முழுதாகக் கட்டப்படவே இல்லை. ஆனால் இன்று ஒரு பையன் கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாகத் தாளம் போடுவதைப் பாருங்கள். கட்டத்தில் புள்ளி இருந்தால் அடி விழும், இல்லாவிட்டால் விழாது. நம் ஊர் அட்டைதான்.

நம் நாட்டில் இந்த மின்னணு இசை முதலில் காலூன்றிய இடங்களில் ஒன்றும் துணி ஊர்தான் என்பது எனக்கே ஆச்சரியம். அகமதாபாத். காலிகோ மில் நடத்திய சாராபாய் குடும்பம் முன்னின்று வளர்த்த தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969இல் அமெரிக்கக் கலைஞர் டேவிட் ட்யூடர் வந்து ஒரு மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா என்று சிலர் அதில் மூன்று நான்கு வருடங்கள் இசை செய்தார்கள். பிறகு நின்றுபோனது. நாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. லண்டனைச் சேர்ந்த பால் பர்கஸ் என்ற கலைஞர் தேடி எடுத்து, 2023இல்தான் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. ஐம்பது வருடம் யாரும் கேட்கவில்லை.

இதைவிட என்னை வருத்துவது சரண்ஜித் சிங்கின் கதை. பம்பாய் இந்திப் படங்களில் கிட்டார் வாசித்தவர். ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளை வாங்கினார்: ஜுப்பிட்டர் 8 என்ற சிந்தசைசர், டிஆர் 808 என்ற தாளப்பெட்டி, டிபி 303 என்ற சின்ன வெள்ளிநிறப் பெட்டி. அந்த 303, தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்க்காரருக்குப் பின்னால் பாஸ் வாசிக்கத் துணையாக இருக்கட்டும் என்று செய்யப்பட்டது. அந்த வேலைக்கு அது சரிப்படவில்லை. கம்பெனியே 1984இல் நிறுத்திவிட்டது. சரண்ஜித் சிங் வீட்டில் அவற்றை வைத்துக்கொண்டு ராகங்களை வாசித்துப் பார்த்தார். மூன்றையும் இணைத்தால் கமகம் வழுக்கிக்கொண்டு வருவதைக் கண்டுபிடித்தார். 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து எச்.எம்.வி. மூலம் இசைத்தட்டு வந்தது. விற்கவில்லை. மறந்தும் போனார்கள்.

ஐந்து வருடம் கழித்து, 1987இல், சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற இளைஞர் குழு அதே 303ஐத் திருகித் திருகி ஒரு தட்டு வெளியிட்டது. அதிலிருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற ஒரு இசை வகையே கிளம்பி ஐரோப்பா முழுக்க ஆடியது. அவர்களுக்கு இவரைத் தெரியாது, இவருக்கு அவர்களைத் தெரியாது. 2010இல் சரண்ஜித் சிங்கின் தட்டு மறுபதிப்பாக வந்தபோதுதான் உலகம் மூக்கின் மேல் விரல் வைத்தது. அப்போது அவருக்கு ஏறத்தாழ எழுபது வயது. ஐரோப்பிய மேடைகளில் கொஞ்ச காலம் வாசித்துவிட்டு 2015இல் காலமானார். சிகாகோப் பையன்களின் தட்டைக் கிளப்புகளில் போட்டு, கூட்டம் எந்த இடத்தில் துள்ளுகிறது, எந்த இடத்தில் ஒதுங்குகிறது என்று அன்றிரவே சொல்ல ஆள் இருந்தது. இவருக்குப் பத்து ராகமும் முடிந்த பிறகு "அடுத்த தட்டில் இதை இன்னும் கொஞ்சம் நீட்டுங்களேன்" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அதே பாதையில் அடுத்த தட்டும் வரவில்லை. கருவியில் குறை இல்லை, திறமையிலும் குறை இல்லை.

இப்போது நம் கோடம்பாக்கத்துக்கு வருகிறேன்.

ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் தன் வீட்டுப் பின்புறத்தில் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்ற ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கினார். அறை இருந்தது, கம்பளம் இருந்தது, உள்ளே வைக்கக் கருவி இல்லை. அம்மா தம் நகைகளைக் கொடுத்த பிறகுதான் முதல் ரெக்கார்டர் வந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தறி வாங்க நகை போன வீடுகளில் வளர்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டாம். 1992 ஆகஸ்ட் 15இல் ரோஜா வந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது.

இதை எல்லோரும் "ஒரு பையன் வீட்டு அறையில் தனியாக உட்கார்ந்து உலகத்தை ஜெயித்தான்" என்று சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அறைக்குள் தனிமை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அப்பா ஆர்.கே. சேகர் மலையாளப் பட இசையில் வேலை செய்தவர். 1976இல் அவர் இறந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. அப்பாவின் கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தார். இளையராஜாவும் அவரிடம் படித்தவர்தான். பதினோரு வயதில் எம்.கே. அர்ஜுனன் குழுவில் கீபோர்டு. அதன்பின் எம்.எஸ்.வி., இளையராஜா, ராஜ் கோட்டி என்று ஒவ்வொரு குழுவிலும் வாசித்தார். ஒரு குழுவில் வாசிப்பது என்றால் என்ன? தப்பாக ஒரு சுரம் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அந்தத் திரும்பிப் பார்த்தல்தான் பள்ளிக்கூடம். சிவமணி, சுரேஷ் பீட்டர்ஸ் போன்றவர்களோடு 'ரூட்ஸ்' என்ற இசைக்குழு வேறு.

அப்புறம் விளம்பரங்கள். முப்பது நொடிப் பாட்டு. பிடிக்கவில்லை என்றால் பணம் கொடுப்பவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார், மறுநாளே மாற்றிக் கொடுக்க வேண்டும். வருடக்கணக்கில் இந்தப் பரீட்சையை எழுதியவர் அவர். மணிரத்னம் அந்த அறைக்கே வந்து மெட்டுகளைக் கேட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. ஒலிப்பதிவுப் பொறியாளர் எச். ஸ்ரீதர் 2008இல் மறையும்வரை கூட இருந்தார். வெளியே கேட்டால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரிந்த காது அவருடையது. அதே 2008இல்தான் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரி தொடங்கியது. வீட்டு அறையில் ஜெயித்தவர் முதலில் கட்டியதில் ஒன்று, பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து கேட்கிற வகுப்பறை.

நம் இனத்துப் பெண் ஒருத்தியையும் சொல்லிவிடுகிறேன். மாதங்கி அருள்பிரகாசம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், 1986இல் லண்டன் போனார்கள். அவள் ஓவியம் படித்தவள், இசை படிக்காதவள். ஒரு இசைக்குழுவின் பயணத்தை வீடியோ எடுக்கப் போன இடத்தில், பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்சி 505 என்ற பெட்டியைக் காட்டி "நீயும் செய்து பார்" என்று சொன்னாள். வீட்டுக்கு வந்து அதை வைத்துக்கொண்டு செய்த பாட்டு 2003இல் வெளிவந்தது. எம்.ஐ.ஏ. என்றால் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவனின் மகன். பேர் வேண்டாம். அப்பா பட்டுத்தறி, பையன் பகலில் சேலை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கிறான், இரவில் பாட்டு செய்கிறான். பத்தடிக்குப் பத்தடி அறை. மூன்று வருடமாகச் செய்து யாருக்கு அனுப்பினாலும் "சூப்பர்டா", "செம்ம" என்று பதில் வருகிறது. அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. தை மாதத்துக்குள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்குப் போவதா, இதையே பிடித்துக்கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டும். அப்பாதான் என்னிடம் வந்து சொன்னான்: "டீச்சர், நல்லா இருக்கா இல்லையான்னு யாராவது நெசமா சொன்னா போதும். அவன் விடட்டும், இல்ல கெட்டியா பிடிச்சுக்கட்டும்."

நான் போய்க் கேட்டேன். ஒரு பாட்டில் சொந்தத் தறியின் சத்தத்தையே போனில் பதிவு செய்து தாளமாக வைத்திருக்கிறான். எனக்குப் பிடித்திருந்தது. அப்பா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு ஒன்று சொன்னான்: "தறி இப்படி அடிக்காதுடா. கடியாரம் மாதிரி இருக்குது. நாடா மாத்துறப்ப ஒரு மூச்சு நிக்கும், இழை அறுந்தா நின்னே போவும்." பையன் முகம் மாறிவிட்டது. பிறகு எனக்கு விளக்கினான்: மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா அடியும் கட்டத்துக்குள் நேராகப் போய் நின்றுகொள்ளுமாம். அழுத்தியிருக்கிறான். மூன்று வருடத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் உருப்படியான விமர்சனம், சங்கீதம் தெரியாத அப்பாவிடமிருந்து.

வீட்டில் தனியாகச் செய்கிறவனுக்குத் தன் குறை ஏன் கேட்பதில்லை என்பதற்குப் பௌதிகக் காரணமே இருக்கிறது. பத்தடி அறையில் சுமார் 56 ஹெர்ட்ஸ் அளவிலான அடித்தொனி இரண்டு சுவர்களுக்கிடையில் நின்ற அலையாகிவிடும். சுவரோரம் உட்கார்ந்தால் பலமாகக் கேட்கும், நடு அறையில் ஏறக்குறைய காணாமல் போகும். நடுவில் நாற்காலி போட்டவன் அடித்தொனி போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போவான். வெளியே வேறு இடத்தில் போட்டால் குடல் அதிரும். இன்னொன்று, ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் அளந்து காட்டியது: சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது அடித்தொனியைச் சரியாகப் பிடிக்காது. வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் மெதுவாக வைத்து வேலை செய்கிறவன் ஏமாறுவது இதில்தான். ஹெட்போன் மாட்டினால் அறையின் தொல்லை போகும், ஆனால் மூன்று மணி நேரத்தில் காது களைத்துவிடும். அவனவன் காதை அவனவன் நம்ப முடியாத வேலை இது.

நாற்பது வருடம் கட்டுரை நோட்டு திருத்தியவள் சொல்கிறேன். பக்கத்தின் கீழே சிவப்பு மையில் 'நன்று' என்று போட்டுக் கொடுத்தால் பிள்ளை அடுத்த கட்டுரையையும் அப்படியேதான் எழுதும். முதலாளி வீட்டில் சேலையை விரித்து வெளிச்சத்தில் பிடித்து, "இங்கே பார், இந்த இடத்துல இழை விட்டிருக்கு" என்று விரலை வைப்பாரே, அப்படிச் சொல்ல வேண்டும். அவர் மொத்தச் சேலையும் மோசம் என்று சொல்வதில்லை. விரல் வைக்கிற இடம்தான் முக்கியம்.

எனவே ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பையனின் சம்மதத்தோடு மூன்று பாட்டுகளைக் கேட்பவர்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். ஒருமுறை இயர்போனில், ஒருமுறை போன் ஸ்பீக்கரில், கார் இருப்பவர்கள் காரில் ஒருமுறை. எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று குறித்து, அந்த இடத்தில் என்ன தோன்றியது என்று எழுதுங்கள். சங்கீதப் பாஷை வேண்டாம். "இங்கே குரல் அமுங்கிவிட்டது", "இங்கே அலுப்பாக இருந்தது, வேறு பாட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது" என்று எழுதினால் போதும். பிடித்த இடத்தையும் அதே மாதிரி நொடியோடு எழுதுங்கள். எதைக் கலைக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரிய வேண்டுமே. சென்னையிலும் பெங்களூரிலும் ஒலிப்பதிவு வேலையில் இருக்கிற நம் பிள்ளைகள் இரண்டு பேர் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களிடமிருந்து ஒரு பக்கமாவது எதிர்பார்க்கிறேன். 'சூப்பர் டீச்சர்' என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஒரு குறிப்பு மட்டும். மூன்றாவது பாட்டில் 2 நிமிடம் 10 நொடியில் தறிச் சத்தம் திடீரென்று நின்று, பிறகு கொஞ்சம் தயங்கித் தொடங்கும். பாட்டு அறுந்துவிட்டது என்று எனக்கு போன் செய்யாதீர்கள். அது அப்பா சொன்ன பிறகு அவன் மாற்றிய இடம்.