டி.என்.ஏ.வில் விழும் முடிச்சு

டி.என்.ஏ. என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது பாடப் புத்தகத்தில் இருக்கும் முறுக்கிய ஏணிப் படம்தான். 1953-இல் வாட்சனும் கிரிக்கும் சொன்ன இரட்டைச் சுருள் அது. ஆனால் டி.என்.ஏ. எல்லா இடத்திலும் ஏணியாகவே இருப்பதில்லை. சில இடங்களில் முடிச்சும் போட்டுக்கொள்ளும்! அந்த முடிச்சின் கதை 1953-க்கும் முன்பே தொடங்குகிறது.

1910-இல் ஐவர் பாங் என்ற விஞ்ஞானி, குவானைலிக் அமிலத்தின் அடர்ந்த கரைசல் கூழாக உறைவதைக் கவனித்தார். காரணம் தெரியவில்லை. 52 ஆண்டுகள் கழித்து, 1962-இல், கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் மூவரும் எக்ஸ்-கதிர் மூலம் விடை கண்டார்கள். நான்கு குவானின்கள் கைகோத்துச் சதுரமாகின்றன. சதுரங்கள் இட்லித் தட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. குவானின் நிறைந்த டி.என்.ஏ. இழையும் இப்படி மடியும். இதன் பெயர் ஜி-குவாட்ருப்ளெக்ஸ்.

சரி, இதனால் என்ன?

ஒவ்வொரு மரபணுவின் தொடக்கத்திலும் புரமோட்டர் என்ற பகுதி உண்டு. மரபணு வேலை செய்யலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் சுவிட்ச் அது. முடிச்சு அங்கே விழுந்தால்? கள்ளக்குறிச்சிப் பக்கம் கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களுக்கு இது எளிதில் புரியும். கயிற்றில் முடிச்சு விழுந்தால் ராட்டினத்தில் ஓடாது.

2002-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் லாரன்ஸ் ஹர்லியின் குழு, பல புற்றுநோய்களில் அடங்காமல் ஓடும் சி-மிக் மரபணுவின் புரமோட்டரில் இந்த முடிச்சைக் காட்டியது. டி.எம்.பி.ஒய்.பி.4 என்ற தட்டையான சிறு மூலக்கூறு அடுக்கின்மேல் உட்கார்ந்து முடிச்சை இறுக்கியது. சி-மிக்கின் வேகம் குறைந்தது!

ஆனால் இது சோதனைக் குழாய் வேடிக்கை, உயிருள்ள செல்லில் உண்டா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். விடை தந்தவர் 1966-இல் சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்ரமணியன். கேம்பிரிட்ஜில் அவரது குழு 2005-இல் மனித மரபுத்தொகுதியில் முடிச்சு விழக்கூடிய இடங்களை எண்ணியது. சுமார் 3,76,000! 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட புரமோட்டர்களில் அவை உண்டு என்று 2007-இல் தெரிந்தது. 2013-இல் மனித செல்லுக்குள்ளேயே முடிச்சுகளைக் கண்ணால் பார்க்கும்படி ஒளிரச் செய்தார்கள். அவர்களே 2016-இல் இன்னொன்றும் கண்டார்கள். சுறுசுறுப்பாக ஓடும் மரபணுக்களிலும் முடிச்சு இருக்கிறது. அப்படியானால் முடிச்சு என்றால் வெறும் தடை மட்டுமல்ல.

சி.எக்ஸ்-5461 என்ற மூலக்கூறு கனடாவில் புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2022-இல் முடிவு வந்தது. சிலருக்குப் பலன் தெரிந்தது. ஆனால் வெளிச்சம் பட்டால் தோலும் கண்ணும் பாதிக்கப்பட்டன.

டி.எம்.பி.ஒய்.பி.4-இன் குறை வேறு. அது சாதாரண டி.என்.ஏ.வையும் பிடித்துக்கொள்ளும். லட்சக்கணக்கான முடிச்சுகளில் புற்றுநோய் மரபணுவின் முடிச்சை மட்டும் தொடும் மூலக்கூறு வேண்டும். ஒரு கிணற்றின் கயிற்றை நிறுத்தப் போய், ஊரில் உள்ள எல்லாக் கிணறுகளையும் நிறுத்திவிடக் கூடாது அல்லவா?