பன்னிரண்டு போரும் நானூற்றுப் பதினாறும்

எங்கள் மைசூர் கிளை வாசலில் நிற்கும் காவலர் வேலூர்க்காரர், ராணுவத்தில் ஓய்வு பெற்றவர். கையில் பன்னிரண்டு போர் துப்பாக்கி. "அதென்ன அண்ணே பன்னிரண்டு?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒரு பவுண்டு ஈயத்துல இந்தக் குழலுக்குச் சரியா பன்னிரண்டு உருண்டை வார்க்கலாம் சார்" என்றார். பி.காம். படித்தவனுக்கு வகுத்தல் கணக்கு என்றால் விடுவானா? அன்றிலிருந்து இதே தேடல்தான்.

அந்தக் கணக்குப்படி நான்கு போர் குண்டு கால் பவுண்டு, சுமார் 113 கிராம்! 1870களில் சாண்டர்சன் துரை இங்கே யானை பிடிக்கும் கெட்டாவைத் தொடங்கிய காலத்தில் யானை வேட்டைக்கு இந்த மாதிரி பீரங்கிகள்தான். (சுட்டவர் தோளை நினைத்துப் பாருங்கள்.) பிறகு கார்டைட் மருந்து வந்தது. சின்னக் குண்டு, பெரிய வேகம். 1898ல் ரிக்பி கம்பெனி .450 தோட்டாவைக் கொண்டுவந்தது. இந்த எண் குழலின் விட்டம், அங்குலக் கணக்கு.

இங்கேதான் சர்க்கார் குறுக்கே வந்தது. பட்டாளத்தின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியும் .450 குழல்தான். வேட்டைக்காரர்களின் குண்டு கலகக்காரர்கள் கைக்குப் போனால்? 1857ஐப் பார்த்தவர்கள் அல்லவா! 1907 வாக்கில் இந்தியாவுக்கும் சூடானுக்கும் .450 வரக்கூடாது என்று தடை. லண்டன் கம்பெனிகள் அசரவில்லை. .465, .470, .475, .476 என்று சட்டத்துக்குப் பக்கத்திலேயே கோடு போட்டார்கள். வரிச்சட்டம் பார்த்த நமக்கு இது புதுசா என்ன?

இவை பெரும்பாலும் இரட்டைக்குழல், விலையோ ராஜாக்களுக்கானது. எஸ்டேட் துரைகளும் காட்டிலாகா அதிகாரிகளும் மவுசர் அமைப்பில் செய்த போல்ட் ரைஃபிள் பக்கம் போனார்கள். அதில் ஒரு பெரிய பயம் உண்டு. நம் ஊர் வெயிலில் கார்டைட்டின் அழுத்தம் ஏறும். சுட்டபின் பித்தளைக் கூடு உள்ளேயே இறுகிக்கொண்டால் போல்ட் திறக்காது, அடுத்த குண்டு ஏறாது. எதிரே காயம்பட்ட காட்டெருமை நிற்கும்!

1911ல் ரிக்பி இதற்கு விடை சொன்னது: .416. கூட்டைத் தாராளமாகப் பெரிதாக்கி அழுத்தத்தைக் குறைத்தார்கள். 410 கிரெயின், அதாவது 26 கிராமுக்குச் சற்று மேல் குண்டு. மறுவருஷமே ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் .375 வந்தது. குண்டு 300 கிரெயின்தான், ஆனால் கூடு நீளமாகக் கூம்பி இருப்பதால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், வெளியே வரும்.

யானை எதிரே என்றால் .416தான். ஆனாலும் என்னைக் கேட்டால் .375 என்றுதான் சொல்லியிருப்பேன். 1925லேயே அமெரிக்காவில் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பெனியும் அந்தத் தோட்டாவைச் செய்தது. நிறையக் கிளை உள்ள வங்கி மாதிரி. .416க்கு ஆதாரமாக இருந்த கைனாக் கம்பெனி பெரிய தோட்டாக்களைக் கைவிட்டபோது, ஆசை ஆசையாகச் செய்வித்த ரைஃபிள்கள் இரும்புக் கம்பியாகிவிட்டன.

1972ல் வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டை முடிந்தது. புலிகளைப் பாடம் செய்த மைசூர் வான் இங்கன் நிறுவனமும் 1990களின் இறுதியில் மூடியது.

சுதந்திரத்துக்குப் பிறகும் ராணுவத்தின் .303 நமக்குக் கிடையாது. அதனால் நம் சர்க்கார் தொழிற்சாலை பொதுமக்களுக்குச் செய்தது .315. காவலரிடம் சொன்னேன். "அதுவும் அதே துப்பாக்கிதான் சார், ஓட்டை மட்டும் வேற" என்று சிரித்தார்.